நொண்டும் குதிரையின் குளம்பு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில் தெல்தெனிய அமைந்துள்ளது. பழைய பட்டினம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. 1985 இல் திறக்கப்பட்ட அணையே அதற்குக் காரணம். கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில் இந்தத் தும்பறைப் பள்ளத்தாக்கிலே தோட்டத் துரைமார் குதிரைமீதே போக்குவரத்துச் செய்தனர். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832 இல் தபால் வண்டி ஓடத் தொடங்கியது; அதனை இழுத்தவையும் குதிரைகளே. 1867 இல் புகைவண்டி கண்டியை எட்டியதும் குதிரையின் தேவை குறைந்தது. அதனோடு இலாடம் கட்டும் தொழிலும் அருகியது. ஆயினும், நீர்த்தேக்கக் கரையோரத்தில் சவாரிக்காகக் குதிரை வளர்ப்போர் இன்றும் உளர். அவர்களை வருத்தும் கேள்வி ஒன்று உண்டு. புதிய இலாடம் கட்டியதும் நன்றாக நடந்த குதிரை, சில வாரங்களில் மீண்டும் நொண்டுவது ஏன்?

நேயர்களே, விடை குளம்பின் உள்ளே இருக்கிறது. வெளியே நாம் காணும் கடினமான சுவர் நமது நகம் போன்றது. அதனுள் எலும்பொன்று, எண்ணற்ற மெல்லிய மடிப்புகளாற் சுவரோடு பிணைக்கப்பட்டுத் தொங்குகிறது. பருத்த குதிரையின் பாரம் முழுவதையும் தாங்குவது இப்பிணைப்பே. தானியத்தை ஒரே முறையில் மிகுதியாகத் தின்றாலும், வேலையின்றிக் கொழுத்து உடலில் இன்சுலின் சீர்கெட்டாலும் அம்மடிப்புகள் அழற்சியுற்றுத் தளர்கின்றன. அப்போது பின்னிருந்து இழுக்கும் தசைநாண் எலும்பின் முனையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. முனை அடித்தளத்தைத் துளைத்து வெளிவந்துவிட்டால் குதிரையைக் காப்பது மிகவும் அரிது.

ஆதலால் முதல் அறிகுறியை அசட்டை செய்யலாகாது. முன்னங்கால்களை நீட்டி வைத்து, உடலின் பாரத்தைப் பின்னங்கால்களிற் சாய்த்து நிற்கும் குதிரையைக் கண்டால் உடனே மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். குளம்பு சூடாயிருக்கும், கணுக்காலின் அருகே விரல் வைத்தால் நாடி பலமாகத் துடிக்கும். வைத்தியர் வரும்வரை குதிரையை நடத்தாமல், குளம்புகளைப் பனிக்கட்டி இட்ட நீரில் நிறுத்துவது நன்று. நடந்தால் சரியாகிவிடும் என்று ஓட்டிச் செல்வோர் தளர்ந்த பிணைப்பைத் தாமே கிழிப்பவராவர்.

நோய் நாட்பட்டுவிட்டால் இலாடக்காரரின் பணி தொடங்குகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பாராமல் உளியை எடுப்பது இருட்டில் மரம் அறுப்பதற்கு ஒப்பாகும். எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது, அதன் கீழ் அடித்தளம் எத்துணைத் தடிப்பு என்பவற்றை அறிந்த பின்னரே நீண்ட முன்பகுதி குறைக்கப்படும். முன்பகுதி நீண்டிருந்தால், ஒவ்வோர் அடியிலும் அது நெம்புகோல்போல் சுவரை எலும்பினின்று பிரிக்கும். இலாடமும் குளம்பின் ஓரத்தில் மட்டும் பாரத்தை ஏற்றாமல், அடியிலே முக்கோணமாக மெத்தென்றிருக்கும் பகுதியையும் தாங்கவேண்டும். அதற்கெனக் குறுக்குத் தகடு வைத்த இலாடங்கள் உண்டு. நோவுற்ற குளம்பில் ஆணி அறைவது அதிர்ச்சி தருமாயின், ஒட்டும் இலாடமோ, மெத்தை வைத்த காலணியோ போதும். எல்லாக் குதிரைக்கும் இலாடம் வேண்டும் என்பதும் இல்லை. நெடுந்தீவின் மட்டக்குதிரைகள் இலாடமின்றியே சுண்ணக்கல் தரையில் திரிகின்றன.

இனி, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீற்றர் வரையே வளரும். முன்பகுதி முற்றாகப் புதுப்பிக்க 9 மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும். இன்று சரியாகச் செதுக்கிய கோணம் ஆறு வாரத்தில் வளர்ந்து கெட்டுவிடுகிறது. எனவே நான்கு அல்லது ஆறு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கி இலாடத்தை மாற்றுதல் வேண்டும். நொண்டிய பிறகு ஆளனுப்பும் வழக்கந்தான் மீண்டும் மீண்டும் வலியைத் தருகிறது.

தீனியும் இலாடத்துக்கு நிகரானது. மாச்சத்து மிகுந்த தானியத்தை நிறுத்தி, உலர்புல்லை நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் குறைத்துக் கொடுக்கலாம். பட்டினி போடுதல் கூடாது. குறிப்பாக மட்டக்குதிரையின் இரத்தத்தில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் லாயத்தின் தரை ஈரமாயிருந்தால் அந்த முக்கோணப் பகுதி அழுகி நாறும். நாள்தோறும் குளம்பைக் கொளுக்கியாற் சுரண்டித் துப்புரவாக்கி, உலர்ந்த மரத்தூளில் நிறுத்தினால் அது குறையும்.

இலாடம் கழற்றப்படும் வேளையில் குதிரைக்குரியவர் அருகில் நிற்பது நன்று. நாட்பட்ட நோயுற்ற குளம்பில் வளையக் கோடுகள் முன்புறம் நெருங்கியும் குதிப்புறம் அகன்றும் காணப்படும். மேலிருந்து புதிதாக இறங்கும் சுவரில் அவ்விடைவெளி சமமாகி வருகிறதா என்பதை அன்று கண்ணாற் காணலாம்.