மணிக்கட்டில் ஒரு மந்திரக்கோல்!

கைக்கடிகாரத்துக்கு என்ன வேலை? மணி காட்டுவது. அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் மனிதனுடைய ஆசைக்கு அளவு ஏது? மணி காட்டும் கடிகாரமே பாட்டையும் ஆட்டிவைக்க வேண்டும் என்று அவன் விரும்பினான்.

சோம்பல் தந்த வரம்

இதற்கெல்லாம் அஸ்திவாரம் போட்டது சோம்பல்தான். 1950-ல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி, டெலிவிஷனை உட்கார்ந்த இடத்திலிருந்தே இயக்க ஒரு கருவி செய்தது. அதற்கு வைத்த பெயரே 'லேஸி போன்ஸ்'. நம் பாஷையில் சொன்னால், சுத்தச் சோம்பேறி! கருவிக்கும் செட்டுக்கும் நடுவே நீளமான வயர். அது நடப்பவர் காலைத் தடுக்கியது.

1956-ல் அதே கம்பெனியின் ராபர்ட் அட்லர் வயரை ஒழித்துக் கட்டினார். அவர் கருவிக்குப் பாட்டரிகூடக் கிடையாது. பொத்தானை அழுத்தினால் சின்னஞ்சிறு சுத்தி ஓர் அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத ஒலி எழும்பும். செட் அதைக் கேட்டுக் கீழ்ப்படியும்.

பிறகு வந்தது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஜப்பானின் காஸியோ கம்பெனி 1993-ல் அதைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கிவிட்டது. டெலிவிஷனும் வீடியோவும் மணிக்கட்டுக்கு அடங்கின! ஆனால் ஒளிக்கு ஒரு குறை உண்டு: நடுவில் யாராவது நின்றுவிட்டால் கட்டளை போய்ச் சேராது.

சட்டைப் பையில் பாட்டு

அந்தக் குறையைத் தீர்த்தது ரேடியோ அலை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற அரசன் பெயரை அந்த முறைக்குச் சூட்டினார்கள். 2006-ல் சோனி எரிக்ஸன், ஃபாஸில் கம்பெனியுடன் சேர்ந்து எம்.பி.டபிள்யூ-100 என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. பார்வைக்கு முள் வைத்த சாதாரண எஃகுக் கடிகாரம். யாராவது ஃபோன் செய்தால் அதிரும். முகப்பில் சின்ன எழுத்துகள் ஒளிரும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் சட்டைப் பையிலுள்ள ஃபோனில் பாட்டு நிற்கும். மறுபடி அழுத்தினால் தொடரும். அடுத்த பாட்டுக்கும் தாவும்.

ஆனால் எல்லா ஃபோனுக்கும் அது பணிந்துவிடாது. தனக்கென்று அமைந்த சில ஃபோன்களோடுதான் உறவு. அந்த ஃபோன் பழுதாகிப் போனால், பாட்டுப் பொத்தான் வெறும் பொத்தான்தான். சோனி எரிக்ஸன் என்ற பெயரும் நிலைக்கவில்லை. 2012-ல் எரிக்ஸனின் பங்கைச் சோனியே வாங்கிக்கொண்டது.

பழைய கடிகாரம் வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மினுக்கும் எஃகைப் பார்த்து மயங்கினால் போதாது. அது பேசும் பாஷை தெரிந்த துணையும் உடன் வருகிறதா என்று கேட்க வேண்டும். துணை இல்லாவிட்டால் வித்தை இல்லை.

ஆனாலும் ஒன்று! முள்ளுக்கு எந்தத் துணையும் வேண்டியதில்லை. மந்திரம் மறந்த பின்னும் கடிகாரம் தன் பழைய தொழிலை மறப்பதில்லை. மணி கேட்டால் சொல்கிறது.