விரல் வலிக்கிறதா? ஊசியை மாற்றுங்கள்!

1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவை விட்டு வெளியேறிய பெண்களில் என் சாச்சியும் ஒருவர். புத்தளத்து ஓலைக் குடிசையில் நூல் தொப்பி பின்னி விற்றே பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இப்போது ஊர் திரும்பிவிட்டார். ஆனால் பெருவிரலின் அடிமூட்டு மடங்க மறுக்கிறது. ஐம்பதைக் கடந்த பெண்களுக்குத் தேய்வு அதிகம் வரும் மூட்டுகளில் இதுவும் ஒன்று.

பின்னலை விட்டுவிடச் சொல்வது எளிது. விட்டால் சாச்சி என்ன செய்வார்? மாற்ற வேண்டியது ஊசியைத்தான், சகோதரிகளே. மெல்லிய கொக்கி ஊசியைப் பேனா போல் கிள்ளிப் பிடிக்கும்போது அந்த மூட்டில்தான் பாரம் ஏறுகிறது. பிடியில் பஞ்சு சுற்றித் துணியால் கட்டித் தடிப்பாக்குங்கள்; கத்தியைப் போல் உள்ளங்கையில் பிடியுங்கள். இழுபடும் கம்பளி நூல் விரலுக்கு இதம். "இந்த வெயிலுக்குக் கம்பளித் தொப்பியா?" என்று சாச்சி சிரித்தார். சரி, பருத்தி நூலானால் சற்றுப் பெரிய ஊசியால் தளர்வாகப் பின்னலாம்.

தொடங்குமுன் இளஞ்சூட்டு நீரில் கைகளைச் சில நிமிடம் வையுங்கள். இருபது நிமிடத்துக்கொரு முறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் பின்னவே வேண்டாம்.

காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, இரு கைகளிலும் மூட்டுகள் வீங்கினால் அது வெறும் தேய்வாக இல்லாமல் மூட்டுவாதமாக இருக்கலாம். எண்ணெய் தடவிக் காலம் கடத்தாமல் யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். ஆரம்பத்திலேயே மருந்தெடுத்தால் விரல்கள் கோணிப்போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.