பக்கத்து வீட்டு வலையும் காக்கும்

ஏறாவூரில் மாரி மழைக்குப் பின் அந்தி சாய்ந்தால் நுளம்புத் தொல்லைதான். பாயை விரித்து, வலையின் நான்கு மூலையையும் கயிற்றில் கட்டி, ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிய பிறகே தாய்மார் பிள்ளையைக் கிடத்துவார்கள். அந்த வலையைப் பூச்சிமருந்தில் தோய்த்தால் மலேரியாவிலிருந்து எத்தனை பிள்ளைகள் பிழைக்கும்? இதை அறிய ஆபிரிக்காவில் பெரிய ஆய்வுகளே நடந்தன.

முதலில் காம்பியா. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கரைத்த நீரில் வலைகளை நனைத்துக் காயவைத்துக் கட்டிய கிராமங்களில், 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளின் இறப்பு 63 சதவீதம் குறைந்ததாக 1991இல் முடிவு வந்தது. ஆனால் மருந்து கிடைத்தவை ஏற்கெனவே ஆரம்ப சுகாதாரத் திட்டத்தில் இருந்த கிராமங்கள். பிள்ளைகளைக் காத்தது வலையா, அந்தத் திட்டமா? எவருக்கு மருந்திட்ட வலை என்பதைத் திருவுளச்சீட்டால் முடிவு செய்தால்தான் இதற்குத் தீர்ப்பு.

சீட்டை வீடு வீடாகக் குலுக்க முடியாது. ஒரு வீட்டு வலையில் உட்கார்ந்து சாகும் நுளம்பு, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்காது. வலை இல்லாத வீடும் பயன்பெற்றுவிடும், ஒப்பீடு கெட்டுவிடும். அதனால் ஊர்களையே அலகாக வைத்தார்கள். கானாவின் நவ்ரொங்கோவில் 96 தொகுதிகள். அங்கே பிள்ளைகளின் இறப்பு 17 சதவீதம் குறைந்தது. கென்யாவின் கிலிஃபியில் 33 சதவீதம். நவ்ரொங்கோவில் இன்னொன்றும் தெரியவந்தது: வலை இல்லாத வீடுகளில், வலை உள்ள வீட்டிலிருந்து விலக விலகப் பிள்ளைகளின் ஆபத்து கூடியது. எனக்கு இந்த ஆய்வுகளிலேயே பெரிய செய்தி இதுதான். வலை ஒரு வீட்டுப் பொருளல்ல, ஊரின் காவல்.

இலங்கையில் 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 1963இல் 17 நோயாளிகள் மட்டுமே என்ற நிலை வந்தும், சில ஆண்டுகளில் காய்ச்சல் லட்சக்கணக்கில் திரும்பியது. பிறகு போருக்கு நடுவிலும் வடக்கு, கிழக்கில் மருந்து தெளித்தார்கள், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மருந்திட்ட வலை கொடுத்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம், மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் தந்தது.

அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புதிய நுளம்பு பிடிபட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் இனம் அது, ஊர்மனைக்குள்ளேயே பெருகும். நுளம்பு இருக்கிறது, கிருமி மட்டும் இல்லை. அது வெளிநாட்டிலிருந்து வருபவரின் இரத்தத்தில் வந்து சேரலாம்.

மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்த பின் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.