கடற்காற்றாலைக்குச் செல்லும் வழி

நுழையும்முன்

நிலத்தில் சுழன்ற காற்றாலை இன்று கடலுக்குள்ளும் நடப்படுகிறது. அதைப் பேணும் பணியாளர் அங்குச் சென்று பாதுகாப்பாகத் திரும்பும் முறைகளை இப்பாடம் விளக்குகிறது.

கரிசலும் கடலும்

செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, சங்கரன்கோவில், திருவேங்கடம் வட்டாரக் கரிசல் நிலத்தில் பரவி வீசுகிறது. இந்நிலப்பகுதியில் காற்றாலை பழுதுற்றால், பணியாளர் அதன் அடிவரை வண்டியிலேயே செல்லலாம்; பாரந்தூக்கியும் சாலைவழியே வந்துசேரும். கடலில் அத்தகைய வசதி இல்லை.

உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை 1991இல் டென்மார்க்கில், விண்டபி என்னுமிடத்தில் 11 காற்றாலைகளுடன் அமைந்தது. குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் திறனுள்ள பண்ணைகள் அமைக்க, ஒன்றிய அமைச்சரவை 2024 ஜூனில் நிதி ஆதரவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. எனவே, கடலில் பணியாளரைக் காக்கும் முறை நாமும் அறியவேண்டியதாகிறது.

இடர்மிகுந்த ஓரடி

இப்பயணத்தில் பேரிடர் நிறைந்தது, படகிலிருந்து கோபுர ஏணிக்கு எடுத்துவைக்கும் ஓரடியே. ஏணி அசையாது நிற்க, படகு அலையோடு ஏறி இறங்கும். இரண்டிற்கும் இடையில் சிக்கினால் உயிருக்கே கேடு. ஆதலால் படகோட்டி, ரப்பர் அணை பொருத்திய படகின் முன்முனையை ஏணியின் இருபுறக் குழாய்கள்மீது விசையோடு அழுத்தி நிறுத்துவார். மிதவை உடை அணிந்த பணியாளர், காப்புக் கயிற்றைப் பூட்டிக்கொண்டு, தக்க தருணம் பார்த்து ஏணிக்கு மாறுவார். அவர் கையில் சுமை இராது. கருவிகளைக் கோபுர மேடையிலுள்ள சிறு பாரந்தூக்கி தனியே மேலேற்றும்.

அலையின் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டரைக் கடந்தால் இம்முறை பெரும்பாலும் கைவிடப்படும். அப்போது, அலையின் அசைவை ஈடுசெய்யும் நடைபாலம் கொண்ட கப்பல் உதவும். சில பண்ணைகளில், சுழற்சி நிறுத்தப்பட்ட காற்றாலையின் உச்சியில் ஹெலிகாப்டரிலிருந்து பணியாளரை இறக்குவர். இறகு போன்ற பெரும்பாகங்களை மாற்ற, கடலடியில் கால்களை ஊன்றித் தன்னை நீர்மட்டத்திற்குமேல் உயர்த்திக்கொள்ளும் கப்பல் தேவைப்படும்.

திரும்புதலும் திறமையே

மீனவர் கச்சான் என்றழைக்கும் மேல்காற்று வலுக்கும் மாதங்களில் மின் உற்பத்தி பெருகும், அலையும் உயரும். ஆகவே, பராமரிப்புப் பணிகளைக் கடல் அடங்கியிருக்கும் காலத்திலேயே முடித்தல் நன்று. அவ்வாறு முடித்தும் இடையில் பழுது நேரலாம். அந்நாளில் காற்றாலை நின்றால் இழப்பது மின்சாரம் மட்டுமே. அவ்விழப்பைப் பின்னர் ஈடுசெய்யலாம். கடலின் நிலையறிந்து, ஏணிவரை சென்றும் ஏறாமல் படகைத் திருப்பும் துணிவே இத்தொழிலின் முதற்பாடமாகும்.