சிபாரிசா, நற்சாட்சியா?

சிபாரிசு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் நல்ல பெயர் இல்லை. யாரையோ பிடித்து எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டான் என்ற வாடை அதில் இருக்கிறது. மேலதிகாரியிடம் நாலு வார்த்தை சிரித்துப் பேசினாலே காக்கா பிடிக்கிறான் என்கிறோம். "உன் வேலையை ஒழுங்காகச் செய், மற்றதெல்லாம் தானாக வரும்" என்றுதான் அப்பா அம்மா சொல்லி வளர்த்தார்கள். அவர்களில் பலர் அப்படியேதான் முன்னுக்கு வந்தார்கள். அந்த அறிவுரையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதில் ஒரு பாதி சொல்லாமல் விடப்படுகிறது. நீங்கள் ஒழுங்காக வேலை செய்கிறவர் என்பது யார் யாருக்குத் தெரியும்?

பலதுறைத் தொழிற்கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ முடித்து வேலை தேடும் நம் வாலிபர்களோடு பேசினால், கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறோம். நல்ல மதிப்பெண், நல்ல பிள்ளை என்ற பெயர், இணையத்தில் டஜன் கணக்கில் விண்ணப்பங்கள். ஒன்றுக்கும் பதில் வருவதில்லை. வீட்டில் பேச்சு குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் "என்ன தம்பி, வேலை ஆச்சா?" என்று கேட்கும் அங்கிள்களைக் கண்டால் படிக்கட்டு வழியாக நழுவிவிடுகிறார்கள். அந்த அங்கிள்களில் ஒருவருடைய அலுவலகத்தில் ஆள் தேவைப்பட்டுக்கொண்டிருக்கலாம் என்பதுதான் இதில் வேடிக்கை.

1960களின் இறுதியில் அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில் சமீபத்தில் வேலை மாறியவர்களைத் தேடிப் பேசினார். இந்த வேலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் கேள்வி. பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் ஒருவர் மூலம் என்றார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அடுத்துக் கேட்டபோதுதான் எதிர்பாராத விடை வந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கும் நெருக்கமானவர் மூலம் வேலை பெற்றவர்கள் 16.7 சதவீதம் பேர்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 27.8 சதவீதம். உங்கள் நண்பரா என்று கேட்டால், நண்பர் என்று சொல்ல முடியாது, பழக்கம் உண்டு, அவ்வளவுதான் என்று பலர் திருத்தினார்களாம். 1973-ல் வெளியான அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது.

காரணம் எளிது. நம்மோடு மிக நெருக்கமாக இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். ஒரே செய்தி ஒரே வட்டத்துக்குள் சுற்றி வருகிறது. புதிய செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வர முடியும். 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்து ஏறக்குறைய இதையே கண்டது. ஆனால் ஒரு திருத்தத்தோடு. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது மிக நெருங்கிய உறவும் அல்ல, முகமே தெரியாத உறவும் அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட, ஓரளவு பழகிய உறவு. முன்பின் தெரியாத ஐந்நூறு பேருக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பிவிட்டு "நான் நெட்வொர்க்கிங் செய்கிறேன்" என்று சொல்லும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் சிங்கப்பூர் வாழ்க்கையைப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை, வெள்ளி வாலிபர் கூடுகை, பாடகர் குழுப் பயிற்சி, நடுவில் ஒரு பிறந்தநாள் விருந்து. எல்லா இடத்திலும் அதே முகங்கள். இந்த நெருக்கம் ஒரு கொடை. வேலை போன அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வீட்டுக்கு வருகிறவர்கள் இவர்கள்தான். ஆனால் நம் வாலிபர்களில் சிலர் அலுவலகத்திலும் இதே மாதிரி ஒரு சிறு வட்டத்தைத் தேடிக்கொள்கிறார்கள். உணவங்காடி நிலையத்தில் தமிழ் பேசும் இருவரோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அல்லது கைத்தொலைபேசியோடு மேசையிலேயே சாப்பிட்டு முடிப்பார்கள். மூன்று வருடம் ஒரே மாடியில் வேலை செய்தும், எதிர் வரிசையில் இருக்கும் மலாய் அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது. அவர் வேறு நிறுவனத்துக்கு மாறிப் போகும்போது ஒரு கதவும் அவரோடு போய்விடுகிறது.

தேசிய சேவை முடித்த தம்பிமார்களுக்கு ஒரு பெரிய சொத்து சும்மா கிடக்கிறது. இரண்டு ஆண்டுகள் ஒரே படுக்கை அறையில், ஒரே மழையில், எல்லா இனத்தவரோடும் இருந்திருக்கிறீர்கள். அவர்கள் இன்று வங்கியில், கப்பல் பட்டறையில், மருத்துவமனையில், சொந்தக் கடையில் இருக்கிறார்கள். ரிசர்விஸ்ட் முகாமுக்குப் போகும்போது மட்டும் அவர்களை நினைத்துக்கொள்ளாமல், சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பொதுவான படத்தை அனுப்புவதற்குப் பதில் பெயர் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். தங்கைகளுக்கு இதே இடத்தில் இருப்பது இணைப்பாட நடவடிக்கை நண்பர்கள், கல்லூரித் திட்டப்பணிக் குழு, வேலையிடப் பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

எப்போது எழுதுவது? தேவை வருவதற்கு முன்னால். டிரான்சிஸ்டர் பிறந்த பெல் ஆய்வுக்கூடத்தில், மற்றவர்களைவிடத் தனித்துத் தெரியும் பொறியாளர்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்று ராபர்ட் கெல்லியும் ஜேனட் கேப்லனும் ஆராய்ந்து 1993-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்கள். அறிவுக்கூர்மைச் சோதனையில் அவர்கள் மற்றவர்களைவிட உயர்ந்து நிற்கவில்லை. வேலை செய்யும் விதம்தான் வேறு. சாதாரணப் பொறியாளர் சிக்கல் வந்த பிறகு நிபுணரைத் தேடிச் செய்தி விட்டுவிட்டுக் காத்திருப்பார். மற்றவருக்கோ பதில் சீக்கிரம் வரும். அவர் அந்த நிபுணரோடு முன்பே பழகியிருக்கிறார், அவருக்கு முன்பே உதவியும் செய்திருக்கிறார்.

இதுவும் காக்கா பிடிப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரத்தில் பவுல் தீமோத்தேயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் முன், லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர்கள் அவனைப் பற்றி நற்சாட்சி சொல்லியிருந்தார்கள். சொந்த ஊரில் மட்டும் அல்ல, அடுத்த ஊரிலும். பவுல் வருவார் என்று தெரிந்து தீமோத்தேயு அவர்களைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். சிபாரிசு என்பது உங்கள் உழைப்பின் இடத்தில் இன்னொருவரின் செல்வாக்கை வைப்பது. நற்சாட்சி என்பது உங்கள் உழைப்பைப் பார்த்தவர் அதைப் பார்க்காதவரிடம் சொல்வது. முதலாவதை நாம் வெறுப்பது சரிதான். அந்த வெறுப்பில் இரண்டாவதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறோம் என்பதே என் குறை.

நற்சாட்சி சொல்ல ஒருவருக்குப் பெரிய சாதனை எதுவும் தேவையில்லை. சின்ன விஷயங்களைத்தான் மனிதர்கள் நினைவில் வைக்கிறார்கள். புதன்கிழமை தருகிறேன் என்றால் புதன்கிழமை தருவது. முடியாது என்று திங்கட்கிழமையே தெரிந்தால் திங்கட்கிழமையே சொல்வது. (செவ்வாய் இரவு பதினோரு மணிக்குச் சொல்வது சொல்லாததற்குச் சமம்.) தெரியாத கேள்விக்குத் தலையாட்டாமல், "எனக்குத் தெரியவில்லை, நாளை மதியத்துக்குள் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, மதியத்துக்குள் சொல்வது. கூட்டம் முடிந்ததும் யார் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்று ஐந்து வரியில் எல்லோருக்கும் அனுப்புவது. இந்தக் கடைசிப் பழக்கத்தைப் புதிதாகச் சேர்ந்தவரும் முதல் வாரத்திலேயே தொடங்கலாம். பொதுவாக யாரும் விரும்பிச் செய்யாத வேலை அது. அதனாலேயே செய்பவரின் பெயர் நிற்கும்.

வெள்ளிக்கிழமை மாலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் நேரில் கேட்கத் தயங்கும் விஷயம் என்பதால். வேலை முடிந்து குழுவாகக் குடிக்கப் போகிறார்கள். போகாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது. போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அதே மனிதர்களோடு வாரத்தில் இரண்டு நாள் மதிய உணவுக்குப் போனால் அதே பழக்கம் வரும், செலவும் குறைவு. எப்போதாவது ஒருவருடைய பிரியாவிடைக்குப் போக நேர்ந்தால், லைம் ஜூஸ் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். கிளாஸில் என்ன இருக்கிறது என்று நாம் பயப்படும் அளவுக்கு யாரும் பார்ப்பதில்லை. ஒன்று மட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு பொய்க் காரணம் சொல்வது. "நான் குடிப்பதில்லை, வெள்ளிக்கிழமை சர்ச்சில் கூடுகை இருக்கிறது" என்று ஒரு முறை சாதாரணக் குரலில் சொன்னால் விஷயம் முடிந்தது.

உதவி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "அண்ணா, எனக்கு ஒரு வேலை பாருங்க" என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. சரி பார்க்கிறேன் என்று சொல்லி மறந்துவிடுவார். "நீங்கள் தளவாடத் துறையில் இருக்கிறீர்கள். சரக்குத் திட்டமிடல் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். நேர்காணலில் எதைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள இருபது நிமிடம் பேச முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பேசுவார்கள். விண்ணப்பத்தில் ஒருவர் பெயரை நடுவராகப் போடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். எந்த வேலை, அவரோடு இருந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை நினைவூட்டி இரண்டு வரி அனுப்புங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் தொலைபேசி வந்தால், உங்களை விரும்புகிறவரும் தடுமாறித்தான் பேசுவார்.

பிறகு, முடிவைச் சொல்லுங்கள். நம்மில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இதுதான். வேலை கிடைத்தவர்கள் மகிழ்ச்சியில் மறக்கிறார்கள், கிடைக்காதவர்கள் வெட்கத்தில் ஒளிகிறார்கள். உதவியவர் மாதக்கணக்கில் என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்கிறார். "கிடைக்கவில்லை அண்ணா, ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு கேள்விகளும் வந்தன" என்ற ஒரு செய்தி போதும். அடுத்த இடம் காலியாகும்போது அவருக்கு உங்கள் ஞாபகம்தான் முதலில் வரும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைக்குப் பதிலாக நீங்களே ஃபோன் செய்து பேசாதீர்கள். பிள்ளையின் சுயவிவரத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்காக அம்மா பேசினால், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவர் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் அந்த அங்கிளிடம் உங்கள் மகளை அழைத்துப் போங்கள், பெயரையும் படிப்பையும் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். பிறகு அவர்கள் இருவரும் பேசட்டும். நீங்கள் தேநீர் எடுக்கப் போய்விடுங்கள்.