நெடுநாள் உறங்கிய பனிவண்டி

கானடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு சிறு குழந்தை குடல்வால் நோயால் இறந்தது. பாதைகளைப் பனி மூடியிருந்தமையால் அதனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. குழந்தையின் தந்தை ஜோசப் அர்மான் பொம்பார்டியே, பனிமீது ஓடும் வண்டியொன்றை அமைக்கப் பல ஆண்டுகளாக முயன்று வந்தவர். ஆயினும் அன்று பயன்படத்தக்க வண்டி அவரிடம் இல்லை. 1937இல் அவர் தமது பனி வாகனத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் ஓரிருவர் ஏறிச் செல்லும் இலேசான பனிவண்டி அவரது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. முன்புறம் சறுக்குக் கட்டைகளும், பின்புறம் எஞ்சினால் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டையும் கொண்டது அது.

நம் நாட்டில் குல்மார்க் பனிச்சரிவுகளிலும் இத்தகைய வண்டிகள் ஓடுகின்றன. பனிக்காலம் சில மாதங்களே. எஞ்சிய காலமெல்லாம் வண்டி கொட்டகையில் கிடக்கிறது. வேண்டும்போது புறப்படாத வண்டி இல்லாத வண்டிக்கே ஒப்பாகும். நடுவழியில் நின்றுவிடும் வண்டியோ அதனினும் கொடியது.

ஓய்வில் முதலாவதாகக் கெடுவது பெட்ரோலேயாகும். எளிதில் ஆவியாகும் பகுதிகள் வெளியேறிவிட, எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிப் பிசினாக மாறுகிறது. கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைப்பதற்குச் சிறிதளவு பிசினே போதும். ஆகவே பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புதிய பெட்ரோலை நிரப்புதல் வேண்டும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்தல் நலம். காற்றுக் குழாயிலும் புகைபோக்கியிலும் எலிகள் கூடு கட்டியிருத்தல் கூடும்; அவற்றையும் சோதித்தல் அவசியம்.

அடுத்தது பாட்டரி. மின்சாரம் தீரத்தீர, ஈய பாட்டரியிலுள்ள கந்தக அமிலம் குறைந்து, திரவம் ஏறக்குறைய நீராகிவிடுகிறது. முழுமையாக மின்னேற்றிய பாட்டரி பூஜ்யத்திற்குக் கீழ் 50 டிகிரி சென்டிகிரேடிலும் உறைவதில்லை. தீர்ந்துபோனதோ, பூஜ்யத்திற்குக் கீழ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து வெடிப்புறக்கூடும். உறைந்த பாட்டரிக்கு மின்னேற்ற முயலுதல் அபாயகரமானது.

எஞ்சினின் விசையைப் பட்டைக்குக் கொண்டு செல்வது ஒரு ரப்பர் வார். அதில் வெடிப்போ தேய்வோ தென்பட்டால் புதியது மாட்டுதல் வேண்டும். மாற்று வார் ஒன்றும் வண்டியில் இருத்தல் வேண்டும். பட்டை தரையோடு உறைந்து ஒட்டியிருப்பின், அதனை விடுவித்த பின்னரே எஞ்சினை இயக்கலாம். இன்றேல் வார் கருகிவிடும்.

இவை முடிந்தபின் வண்டியைத் திறந்த வெளிக்குக் கொணர்தல் வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சின் ஓடினால், மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு நிறைந்து உயிரைப் பறிக்கும். குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் சோக் விசையை இழுத்துப் பெட்ரோலின் விகிதத்தை மிகுதியாக்குகின்றனர். எஞ்சின் சில நிமிடங்கள் மெதுவாக ஓடிச் சூடேறிய பின்னர், பிரேக்கையும் விளக்கையும் சோதித்தல் வேண்டும். ஓட்டுபவர் வீழ்ந்தால் எஞ்சினை உடனே நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

முதல் ஓட்டம் குறுகியதாக இருத்தல் நன்று. வண்டி நின்றுபோனாலும் நடந்தே திரும்பக்கூடிய தொலைவுதான் அதற்குரிய எல்லை.