சனிக்கிழமை சம்பளம்... ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு! லைன் வீட்டு பாத்ரூமில் இருந்து பாறைக்குழி வரை போகும் காலி பாக்கெட்

திருப்பூர்,

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை ராத்திரி சம்பளம் கைக்கு வந்ததும் மளிகைக்கடையில் அதிகம் கிழிபடுவது ஷாம்பு பாக்கெட் சரம்தான். வாரம் பூரா ஓவர்லாக் மெஷின் முன்னால உட்கார்ந்து பஞ்சுத்தூசி ஏறிய தலைக்கு ஞாயிற்றுக்கிழமை குளியல். குளித்து முடித்தால் பாத்ரூம் மூலையில் காலி பாக்கெட். தண்ணி போகிற ஓட்டையில் பாக்கெட்டின் கிழிந்த முனை.

4 பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு வாரம் 2 பாக்கெட் என்று வைத்தால் வருஷத்துக்கு 416. பத்து வீடு உள்ள ஒரு காம்பவுண்டில் 4,160. அத்தனை பேருக்கும் பாத்ரூம் ஒன்றோ இரண்டோதான். யார் போட்டது என்று யாரைக் கேட்பது?

கடலூரில் பிறந்த பாக்கெட்

ஷாம்பு பாக்கெட் வெளிநாட்டில் இருந்து வந்தது என்று நினைத்தால் தப்பு. கடலூர் சின்னி கிருஷ்ணன் 1970களில் பாக்கெட்டில் அடைத்துக் காட்டிய வித்தை இது. பணக்காரர் வீட்டு பாட்டிலில் இருந்த ஷாம்பு அப்படித்தான் கூலிக்காரர் வீட்டுக்கு வந்தது. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் வெறும் 15 ஆயிரம் ரூபாயில் தொடங்கிய 'சிக்' ஷாம்பு பட்டிதொட்டி எங்கும் பரவியது.

அந்த சிக் ஷாம்பு ஆரம்ப காலத்தில் ஒரு திட்டம் போட்டது. காலி பாக்கெட் 5 கொண்டு வந்தால் 1 பாக்கெட் இலவசம்! முதலில் எந்த கம்பெனி பாக்கெட்டையும் வாங்கினார்கள், பிறகு சிக் பாக்கெட் மட்டும். வியாபாரத்தை வளர்க்கப் போட்ட திட்டம்தான். ஆனாலும் குப்பையில் போக வேண்டிய பாக்கெட் கடைக்கே திரும்பி வந்தது. டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியதும் இதே கணக்கில்தான். காசு கிடைக்கும் என்றால் யாரும் எறிய மாட்டார்கள்.

பழைய இரும்புக்கடையிலும் வாங்க மாட்டார்கள்

காலி ஷாம்பு பாட்டில், ஆசிட் கேன் எல்லாம் எடைக்குப் போகும். பாக்கெட் போகாது. பார்க்க ஒரே தாள் மாதிரி இருந்தாலும் அது பல அடுக்கு. பிரிண்ட் அடிக்க ஒரு பிளாஸ்டிக், ஒட்டுவதற்கு இன்னொரு பிளாஸ்டிக், நடுவில் வெள்ளி போல மினுக்கும் உலோகப்பூச்சு. பிரித்து உருக்குவது கட்டுப்படி ஆகாது. சுத்தமாக சேர்த்துக் கொடுத்தால் சிமெண்ட் ஆலை சூளையில் எரிபொருளாகப் போகலாம், அவ்வளவுதான்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் அமலான தடையில் கேரி பேக், பிளாஸ்டிக் கப் எல்லாம் உண்டு, ஷாம்பு பாக்கெட் இல்லை. மத்திய அரசின் 2022 ஜூலை 1 தடையில் பாத்ரூம் சாமான் என்று பார்த்தால் பிளாஸ்டிக் குச்சி வைத்த காது பட்ஸ் மாட்டியது. ஷாம்பு பாக்கெட் அப்போதும் தப்பித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சாக்கடையில் போனது ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் வழியாக நொய்யலுக்கு. குப்பை வண்டியில் போனது? மாநகராட்சி குப்பை பல வருஷமாக கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டப்பட்டது. நிலத்தடி நீர் கெடுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று முதலிபாளையம், நெருப்பெரிச்சல் பகுதி மக்கள் 2025-ல் போராட்டத்தில் இறங்கினார்கள். நம்ம காம்பவுண்டில் எறிந்தது அவங்க ஊர் கிணத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

பெரிய பாட்டில் வாங்கலாமே?

சொல்வது சுலபம். நம்ம நாட்டில் பெரும்பாலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு. பாட்டிலுக்கு மொத்தமாகவும் காசு போடணும். வாரச் சம்பளக்காரரிடம் பாட்டில் வாங்கச் சொல்வது நியாயம் இல்லை.

கொங்கு பக்கத்துக்கு அரப்பு புதுசா என்ன? எண்ணெய் தேய்த்த தலைக்கு அரப்புத்தூள் போதும். நாட்டு மருந்துக்கடையில் எடை போட்டு காகிதத்தில் மடித்து வாங்கினால் பிளாஸ்டிக்கே கிடையாது. கண்ணில் பட்டால் எரியும், குழந்தைகளுக்கு ஜாக்கிரதை. ஷாம்புதான் வேணும் என்கிறவர்கள் முனையைத் தனியாகப் பிய்க்காமல் ஒட்டினாற்போல கிழித்தால் துண்டு ஓட்டையை அடைக்காது.

உடம்பு தேய்க்கிற பிளாஸ்டிக் நாருக்கு பதில் காட்டன் பனியன் வேஸ்ட் துண்டு ஒன்று போதும். திருப்பூரில் அதற்கா பஞ்சம்! பாலியஸ்டர் கலந்ததை மட்டும் தவிர்க்கவும். கைகழுவ பம்ப் பாட்டிலை விட கட்டி சோப்பு. பினாயில், ஆசிட்டை பழைய கேனிலேயே ஊற்றி வாங்கலாம். குடிதண்ணி பாட்டிலில் மட்டும் வாங்கவே கூடாது. தண்ணீர் என்று நினைத்து குடித்தால் உயிருக்கே ஆபத்து.

வெந்நீர் அடுப்பில் போடாதீங்க

பல காம்பவுண்டுகளில் காலி பாக்கெட்டும் கவரும் வெந்நீர் அடுப்புக்குள் போகிறது. குப்பையும் தீர்ந்தது, தண்ணியும் சுட்டது என்று கணக்கு. அந்தப் புகை விஷம். அடுப்புப் பக்கத்தில் நிற்கிற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் முதலில் இருமல்.

நாப்கினிலும் பிளாஸ்டிக் உண்டு. கக்கூஸில் போட்டால் காம்பவுண்டுக்கே அடைப்பு. துணி நாப்கினை நன்றாகத் துவைத்து வெயிலில் காய வைக்கணும், லைன் வீட்டில் அதற்கு இடம் ஏது? அதனால் காகிதத்தில் சுற்றி மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பதே நடக்கிற காரியம்.

பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி, அதில் ஒரு பழைய பை. காம்பவுண்டு ஓனருக்கு இதில் செலவு எதுவும் இல்லை. காலி பாக்கெட்டை அதில் சேர்த்து, மக்காத குப்பையாக தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தால் ஓடைக்குப் போகாது.